ஒரு திருத்தம்: மெல்பர்ன் பெட்ரோலும் மணலி பெட்ரோலும்



போன எபிசோடில் மின்சார கார் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். "இங்க ஆஸ்திரேலியாவுல பெட்ரோலே இந்தியாவை விட சுத்தம், அதனால அங்க இருக்கிற அவசரம் இங்க இல்ல." எடிட் பண்ணும்போதுகூட அது எனக்கு உறுத்தவில்லை. ஏன் உறுத்தணும்? நம்ம வீட்டுல எல்லாம் இதைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். இங்க தண்ணி சுத்தம், காத்து சுத்தம், ரோடு சுத்தம். பெட்ரோல் மட்டும் எப்படி அழுக்காக இருக்கும்?

எபிசோடு வந்த இரண்டாம் நாள் திருவொற்றியூரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். அத்தை பையன். அங்கே டூ வீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். "டேய் மச்சான், எபிசோடு கேட்டேன். சும்மா அடிச்சு விடுறியே. இங்க பெட்ரோல் 10 பிபிஎம், 2020-லயே வந்தாச்சு. உங்க ஊர்ல எவ்ளோன்னு பாத்துட்டு அப்புறம் பேசு."

பார்த்தேன். அவன் சொன்னது சரி. நான் சொன்னது தப்பு. எவ்வளவு தப்பு என்று விளக்கத்தான் இந்த வார மடல். கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அவன் சொன்ன 10 பிபிஎம் என்பது பெட்ரோலில் இருக்கும் கந்தகத்தின் அளவு. பத்து லட்சம் பங்கு பெட்ரோலில் பத்து பங்கு கந்தகம். கந்தகம் என்றால் சல்பர்தான், தீப்பெட்டியிலும் சிவகாசிப் பட்டாசிலும் இருக்கிற அதே மஞ்சள் சரக்கு. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பெட்ரோல், டீசல் இரண்டுக்கும் உச்சவரம்பு இதுதான். பிஎஸ்-6 என்று பைக் விளம்பரங்களில் பார்த்திருப்பீர்களே, அந்த விதியின் எரிபொருள் பாதி இது. டெல்லியில் அதற்கும் இரண்டு வருஷம் முன்பே வந்துவிட்டது.

இப்போது நம்ம கதை. 2025 டிசம்பர் 15 வரை, ஆஸ்திரேலியாவில் 91 பெட்ரோலுக்கு அனுமதிக்கப்பட்ட கந்தகம் 150 பிபிஎம். 95, 98 என்கிற பிரீமியத்துக்கு 50. மச்சான் ஸ்கூட்டரில் ஊற்றியதைப் போல பதினைந்து மடங்கு கந்தகம் என் காரில் இருக்கலாம் என்று சட்டம் ஐந்து வருஷத்துக்கு மேல் அனுமதித்தது. இன்னும் வலிக்கிற மாதிரி சொல்லட்டுமா? 150 பிபிஎம் என்பது இந்தியாவின் பழைய பிஎஸ்-3 பெட்ரோலின் வரம்பு. சென்னை அதை 2010-லேயே தாண்டி 50-க்குப் போய்விட்டது. நான் யூனிக்கு ஓட்டிப் போன காலத்தில் போட்ட 91, அந்தக் கணக்கில், சென்னை ஏற்கனவே கைவிட்ட பெட்ரோல்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடணும். வரம்பு என்பது உச்சம்தான். பம்ப்பில் வந்ததில் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். டீசல் விஷயத்தில் ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது, 2009-லேயே 10 பிபிஎம். தூங்கியது பெட்ரோலில்தான். ஐரோப்பா 2009-ல் போன இடத்துக்கு, சீனா 2017-ல் போன இடத்துக்கு, நாம் 2025 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தோம்.

சரி, 150 பிபிஎம் என்றால் எவ்வளவு? 50 லிட்டர் டேங்க்கை நிரப்பினால் சுமார் 37 கிலோ பெட்ரோல். அதில் ஐந்தரை கிராம் கந்தகம், ஒரு டீஸ்பூன் சர்க்கரையை விடக் கொஞ்சம் அதிகம். 10 பிபிஎம் என்றால் அரை கிராம்கூட இல்லை. "இதுக்கா இவ்ளோ பில்டப்?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இந்த ஐந்தரை கிராம் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். உங்கள் காரின் புகைக்குழாய் வழியில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான சின்னத் துளைகள், அவற்றின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மெலிதாகப் பூசியிருக்கும். திருடர்கள் காருக்கு அடியில் புகுந்து அறுத்துக்கொண்டு போவது இதற்காகத்தான். கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மூன்றும் அந்தப் பரப்பில் வந்து உட்கார்ந்து, தீங்கு குறைந்த பொருளாக மாறி எழுந்து போகணும். கந்தகம் என்ன செய்கிறது என்றால், வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்திருப்பதில்லை. கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தும் இலையை மூடாமல் கதை பேசும் மாமா மாதிரி. அவர் பின்னால் நிற்கிறவர்களுக்கு இடம் கிடைக்காது. மூன்று நச்சு வாயுக்களும் அப்படியே வெளியே போகும். நல்ல சூட்டில் அந்தக் கந்தகத்தில் கொஞ்சம் கழன்று போகும், ஆனால் அடுத்த டேங்க்கில் புதிதாக வந்துவிடும்.

இதை நான் மூக்கால் அனுபவித்திருக்கிறேன், காரணம் தெரியாமலேயே. சிட்னி வெண்ட்வொர்த்வில்லில் இருந்தபோது என் முதல் கார் ஒரு பழைய செடான். பாரமட்டா ரோட்டில் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் அழுகிய முட்டை நாற்றம் வரும். அப்பா பக்கத்து சீட்டில் இருந்து என்னை ஒரு மாதிரி பார்ப்பார். நான் அவரைப் பார்ப்பேன். இரண்டு பேருமே நிரபராதி. கன்வெர்ட்டர் சேர்த்து வைத்த கந்தகம், எஞ்சினுக்குப் பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போகும் நேரத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடாக வெளியே வந்தது.

பழைய காரில் இது நாற்றத்தோடு போகும். புதிய எஞ்சின்களில், புகைத்துகள் பிடிக்கும் ஃபில்டர் எல்லாம் வைத்த யூரோ 6 வகைகளில், இது டிசைனையே பாதிக்கும். "உங்க பெட்ரோலுக்கு எங்க நல்ல எஞ்சினைக் கொண்டுவர முடியாது" என்று கார் கம்பெனிகள் பல வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தன. 2025 டிசம்பரில் யூரோ 6டி விதியும் புதிய மாடல்களுக்கு இங்கே அமலுக்கு வந்தது தற்செயல் கிடையாது. பெட்ரோல் மாறாமல் அந்த விதி வர முடியாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கந்தகத்தை எப்படி எடுக்கிறார்கள்?

முதலில், வடிகட்டி எடுக்க முடியாது. கந்தகம் பெட்ரோலில் தூசி மாதிரி மிதக்கவில்லை. மூலக்கூறுக்குள்ளேயே, கார்பன்களோடு கைகோத்து வளையமாக உட்கார்ந்திருக்கிறது. கோடி வருஷம் முன்பு கடலடிச் சேற்றில் கிருமிகள் உண்டாக்கிய கந்தக வாயு, எண்ணெயாக மாறிக்கொண்டிருந்த பொருளோடு சேர்ந்து கலந்த வரலாறு அது. கந்தகம் குறைந்த கச்சா எண்ணெயைத் தொழிலில் ஸ்வீட் என்பார்கள், அதிகமானதை சவர் என்பார்கள். பழைய காலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டியவர்கள் நாக்கில் வைத்தே பார்த்திருக்கிறார்கள். இனிப்பா புளிப்பா என்று. தயவுசெய்து வீட்டில் முயற்சிக்க வேண்டாம்.

மூலக்கூறிலிருந்து பிடுங்க ஹைட்ரஜன் வேண்டும். எண்ணெயைச் சூடாக்கி, 300 டிகிரிக்கு மேல், பல பத்து மடங்கு காற்றழுத்தத்தில், ஹைட்ரஜனோடு சேர்த்து கோபால்ட்டும் மாலிப்டினமும் கலந்த வினையூக்கிப் படுக்கை வழியாக அனுப்புவார்கள். கந்தகம் கார்பனை விட்டுவிட்டு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாக வெளியேறும். வேடிக்கை என்னவென்றால், இந்த வினையூக்கி வேலை செய்யணும் என்றால் அதற்கே முதலில் கந்தகம் ஊட்ட வேண்டும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்ம ஆட்கள் சும்மா சொல்லவில்லை.

வெளியேறும் வாயு கொடிய விஷம். அதை அமீன் கரைசலில் பிடித்து, கிளாஸ் முறை என்ற பழைய வித்தைக்கு அனுப்புவார்கள். 1880-களிலிருந்தே இருக்கிறது. வாயுவில் மூன்றில் ஒரு பங்கை எரிப்பது, எரிந்ததை மீதியோடு சேர்ப்பது. கிடைப்பது தண்ணீரும் மஞ்சள் கந்தகமும். இன்று உலகச் சந்தையில் விற்கும் கந்தகத்தில் பெரும்பகுதி சுரங்கத்திலிருந்து வரவில்லை, இப்படி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிடுங்கியதுதான். அதில் பெரும்பகுதி கந்தக அமிலமாகி உரத்துக்குப் போகிறது. உங்கள் காருக்குள் போகாமல் தப்பித்த கந்தகம் யாரோ ஒருவர் வயலுக்குப் போயிருக்கலாம்.

டீசலுக்கு இதுவே போதும், அழுத்தம் கூட்டிக்கொண்டே போகலாம். பெட்ரோலில்தான் சிக்கல். கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோல் ஆக்கும் யூனிட் ஒன்று இருக்கிறது, கேட் கிராக்கர் என்பார்கள். பெட்ரோல் கலவையில் அதன் சரக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் பெட்ரோலில் இருக்கும் கந்தகத்தில் பத்தில் ஒன்பது பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. சரி, அதை மட்டும் ஹைட்ரஜன் போட்டு வெளுத்துவிடலாமே? அங்கேதான் வில்லங்கம். அதே சரக்கில் ஓலிஃபின்கள் என்ற மூலக்கூறுகளும் இருக்கின்றன. ஆக்டேன் அளவைத் தூக்கிப் பிடிப்பவை அவை. ஹைட்ரஜனுக்கு யார் நல்லவன் யார் கெட்டவன் என்று தெரியாது. கந்தகத்தைப் பிடுங்கும் கையோடு ஓலிஃபினையும் நிரப்பிச் சாதுவாக்கிவிடும். கந்தகம் போச்சு, கூடவே ஆக்டேனும் போச்சு.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். இருபது வருஷப் பழைய கோடில் ஒரே ஒரு மோசமான லைப்ரரி. எடுக்கச் சொல்வார்கள், ஆனால் அதை நம்பித்தான் நல்ல பாதி ஓடிக்கொண்டிருக்கும். ஒட்டுமொத்தமாக அழித்தால் எல்லாம் படுத்துவிடும். ரிஃபைனரிகள் செய்வதும் நாம் செய்வதுதான், பிரித்து ஆள்வது. அந்தச் சரக்கை லேசானது, கனமானது என்று இரண்டாகப் பிரிப்பார்கள். ஓலிஃபின் பெரும்பாலும் லேசான பாதியில், பிடிவாதமான கந்தகம் பெரும்பாலும் கனமான பாதியில். கனமான பாதிக்கு மட்டும் அளவோடு ஹைட்ரஜன் வைத்தியம், பிறகு இரண்டையும் சேர்ப்பது. இழந்த கொஞ்சம் ஆக்டேனை வேறு சரக்கு கலந்து ஈடுகட்டுவது.

ஆக, வித்தை ரகசியம் ஒன்றும் இல்லை. பல பத்தாண்டுகளாக உலகம் செய்துகொண்டிருக்கிறது. அப்படியானால் பணக்கார ஆஸ்திரேலியா ஏன் பின்தங்கியது?

பாதிப் பதில் கடலுக்குள் இருக்கிறது. 1960-களில் விக்டோரியாவுக்குத் தெற்கே பாஸ் நீரிணையில் கண்டுபிடித்த எண்ணெய் லேசானது, ஸ்வீட். நம்ம ரிஃபைனரிகள் அந்த மாதிரி எண்ணெயோடு வளர்ந்தவை. ஆஸ்திரேலியக் கச்சாவில் கந்தகமே குறைவு என்றால், அதைப் பிடுங்கும் பெரிய யூனிட்டுக்கு யார் காசு போடுவார்? அந்த எண்ணெய் வற்றிக்கொண்டே வந்தது. ரிஃபைனரிகளுக்கும் வயசாகிக்கொண்டே வந்தது. சிங்கப்பூரிலும் தென் கொரியாவிலும் ராட்சச ரிஃபைனரிகள் வந்து, அங்கிருந்து கப்பலில் கொண்டுவருவதே மலிவு என்று ஆனது.

2000-ல் இந்த நாட்டில் எட்டு ரிஃபைனரிகள். சிட்னிக்காரர்கள் கவனியுங்கள்: பாரமட்டா பக்கத்தில், நம்ம ஆட்கள் வீடு வாங்கிக் குவித்திருக்கிற பகுதிக்குக் கிழக்கே, கிளைட் ரிஃபைனரி 2012-ல் சுத்திகரிப்பை நிறுத்தியது. விமானம் இறங்கும்போது பாட்டனி பே ஓரமாகத் தெரியுமே, கர்னெல், அது 2014-ல். பிறகு பிரிஸ்பேனில் ஒன்று, பெர்த் பக்கம் க்வினானா, 2021-ல் மெல்பர்னின் ஆல்டோனா. கர்னெலும் ஆல்டோனாவும் இப்போது இறக்குமதி எண்ணெயைச் சேமிக்கும் தொட்டிக் களங்கள். மிச்சம் இரண்டே இரண்டு: பிரிஸ்பேனில் ஆம்போலின் லிட்டன், இங்கே விவாவின் ஜீலாங்.

ஒவ்வொரு தடவையும் 10 பிபிஎம் பேச்சு வந்தபோது ரிஃபைனரிகள் சொன்ன பதில் ஒன்றுதான்: செலவு தாங்காது, மூட வேண்டியிருக்கும். அரசாங்கமும் பயந்து தள்ளிப் போட்டது. 2019-ல் போட்ட விதியில் தேதி 2027 ஜூலை. 2021-ல் எரிபொருள் பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்றை அறிவித்து, ரிஃபைனரி மேம்பாட்டுக்கு 302 மில்லியன் டாலர் வரை தருகிறோம், தேதி 2024 என்றார்கள். பிறகு அதுவும் நழுவி 2025 டிசம்பர் 15. கோ-லைவ் தேதி இப்படி நகர்வதைப் பார்த்து நான் சிரிக்க முடியாது, என் சம்பளமே அப்படி நகரும் தேதிகளில்தான் ஓடுகிறது. ஆனால் தள்ளிப் போட்டும் அவர்கள் காப்பாற்ற நினைத்த ரிஃபைனரிகளில் பெரும்பாலானவை மூடித்தான் போயின. நாம் பழைய பெட்ரோலையும் வைத்துக்கொண்டோம், ரிஃபைனரியையும் இழந்தோம். இது என் கோபம், நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மணலிக்கு வருவோம். திருவொற்றியூரில் பாட்டி வீட்டு மொட்டை மாடியிலிருந்து ராத்திரியில் மேற்கே ஒரு தீ எரிவது தெரியும். "எம்.ஆர்.எல். தீ" என்பாள் பாட்டி. மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட். 1965-ல் இந்திய அரசும் ஓர் அமெரிக்க நிறுவனமும் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கி, 1969-ல் ஓட ஆரம்பித்தது, ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று பெயர் சிபிசிஎல், அளவு ஒரு கோடி டன்னுக்கு மேல். வளைகுடாவின் புளிப்பு எண்ணெயோடு வாழப் பழகிய நாடு இந்தியா. கந்தகத்தோடு மல்லுக்கட்டுவது அங்கே புதுசு இல்லை. 2016-ல் மத்திய அரசு பிஎஸ்-5-ஐத் தாண்டி நேராக பிஎஸ்-6-க்குப் போகிறோம் என்று அறிவித்தது. ரிஃபைனரிகள் பெரும்பாலும் அரசுடையவை, பல்லாயிரம் கோடி கொட்ட வேண்டும் என்றால் கொட்டியாக வேண்டும். பிஎஸ்-4 வண்டிகளை 2020 மார்ச்சுக்குப் பிறகு விற்கவே கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றமும் கதவைச் சாத்திவிட்டது. தேதி நகரவில்லை.

அந்த ஏப்ரல் 1 வந்தபோது நாடே ஊரடங்கில் இருந்தது. பங்க்கில் ஆள் இல்லை, ரோட்டில் வண்டி இல்லை. பதினெட்டு வீட்டுக்கு ஒரு தடவை வாய்விட்டுப் பெருமை பேசும் நம்ம ஆட்கள்கூட இதைக் கவனிக்கவில்லை. "எங்க கடைல நாலஞ்சு மாசம் கழிச்சுத்தான் பிஎஸ்-6 வண்டியே சர்வீஸுக்கு வந்துச்சு" என்றான் மச்சான்.

சென்னைக் காற்று மெல்பர்னை விட சுத்தம் என்று நான் சொல்ல வரவில்லை. நெரிசல், பழைய வண்டிகள், தூசி, எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி, எல்லாம் இருக்கிறது. பாட்டி வீட்டுத் துணி காயும் கொடியைத் தொட்டாலே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியதும், மீனவர்கள் வலையும் படகும் கறுத்துப் போனதும் நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நல்ல பெட்ரோல் செய்கிற ஊருக்கு நல்ல காற்றும் தண்ணீரும் கிடைக்கும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கண்ணை உறுத்தியது. ஹைட்ரஜனை ரிஃபைனரிகள் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கின்றன, அதில் கார்பன் டை ஆக்ஸைடு வெளியேறும். நம்ம 10 பிபிஎம் பெட்ரோலை ஆசியாவிலிருந்து ஏற்றி வரும் கப்பலின் எரிபொருளுக்கு உலக வரம்பு 5000 பிபிஎம். 2020 வரை அது 35,000. நாம் ஊருக்குப் போகும் விமானத்தின் ஜெட் எரிபொருளுக்கு 3000 வரை அனுமதி. கப்பலிலும் விமானத்திலும் பெட்ரோல் காரின் கன்வெர்ட்டர் மாதிரி கெட்டுப்போக ஒரு பெட்டி இல்லை, அதனால் அவசரப்படுத்த யாரும் இல்லை. சிட்னி ஹார்பரில் நிற்கும் உல்லாசக் கப்பல்களுக்கு மட்டும் 1000 என்று தனி வரம்பு. பால்மெயின் பக்கம் வீடு வைத்திருப்பவர்கள் கத்திக் கத்தி வாங்கியது அது.

சரி, உங்கள் காருக்கு என்ன செய்யணும்? ஒன்றுமே வேண்டாம். பழைய கார் புதிய பெட்ரோலில் தாராளமாக ஓடும். இதுவரை "95 போட்டா எஞ்சினுக்கு சுத்தம்" என்று மாமாக்கள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, கந்தகம் மூன்றில் ஒரு பங்குதான் அதில். அந்தக் காரணம் 2025 டிசம்பரோடு போய்விட்டது, எல்லாவற்றுக்கும் ஒரே 10. மிச்சம் இருப்பது ஆக்டேன் வித்தியாசம். டேங்க் மூடியின் உள்பக்கம் 91 என்று எழுதியிருந்தால் 91 போடுங்கள். 95 என்றால் 95-தான், அதில் விளையாட வேண்டாம்.

வாரம் இரண்டு நாள் கான்ட்ராக்ட் வேலைக்கு வெரிபியிலிருந்து ஜீலாங் போகிறேன். கோரியோ தாண்டும்போது ஃப்ரீவேயிலிருந்து ரிஃபைனரி தெரியும், 1954-லிருந்து அங்கேதான் இருக்கிறது. போன செவ்வாய் சாயங்காலம் திரும்பும்போது அதன் தீ எரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததும் போட்டோ எடுத்து மச்சானுக்கு அனுப்பி, "நீ சொன்னது சரிடா, இங்கயும் இப்ப 10" என்று எழுதினேன்.

பதில் உடனே வந்தது. "சரி சரி. லிட்டர் எவ்ளோ?"

சொன்னேன். ரூபாயில் கணக்குப் போட்டுவிட்டு ஒரு சிரிப்பு ஸ்டிக்கர் அனுப்பினான். அங்கே விலை ஏறக்குறைய அதேதான், சம்பளம்தான் வேறு, அதனால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்று இன்னும் புரியவில்லை.

அடுத்த எபிசோடில் அவனையே பேச அழைத்திருக்கிறேன். இரண்டு ஸ்பேனர் சத்தம் பின்னால் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.